கெர்ரி கவுண்டி கேலிக் கால்பந்து அணி

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலுக்குள் நீளும் தீபகற்பங்களும் மலைகளும் நிறைந்த கவுண்டி கெர்ரி. அதன் ஆடவர் அணி, கேலிக் கால்பந்தின் உயரிய பட்டமான அனைத்து அயர்லாந்து சாம்பியன் பட்டத்தை 2025 வரை 39 முறை வென்றிருக்கிறது. வேறு எந்தக் கவுண்டியும் இதை எட்டவில்லை. இரண்டாம் இடத்தில் 31 பட்டங்களுடன் டப்ளின் நிற்கிறது. அதற்கடுத்த கால்வே 9 பட்டங்களோடு வெகுதூரம் பின்னால் இருக்கிறது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி டப்ளினில் ஏறத்தாழ பதினான்கரை லட்சம் பேர். கெர்ரியில் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று அதிகம். அந்தச் சிறு மக்கள்தொகையையும் பல தலைமுறைகளாக வேலை தேடி அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் போனவர்களின் தொகையையும் சேர்த்துப் பார்த்தால்தான் 39 என்ற எண்ணின் கனம் புரியும்.

அணியின் நிறங்கள் பச்சையும் பொன்னிறமும். 'கிங்டம்' என்பது கவுண்டிக்கும் அணிக்கும் பொதுவான பட்டப்பெயர். சொந்த மைதானங்கள் இரண்டு: கில்லார்னி நகரின் ஃபிட்ஸ்ஜெரால்டு ஸ்டேடியம், ட்ரலீ நகரின் ஆஸ்டின் ஸ்டாக் பார்க். இரண்டுமே பழைய அணித்தலைவர்களின் பெயர் தாங்கியவை. அந்த இருவரின் வாழ்க்கையிலும் கால்பந்தையும் அரசியலையும் பிரித்துப் பார்க்க முடியாது.

ஆட்டத்தின் அமைப்பு

கேலிக் கால்பந்தில் பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையால் பிடிக்கலாம், குத்தித் தள்ளலாம், காலால் உதைக்கலாம், எறிய முடியாது. பந்தோடு ஓடுபவர் சில அடிகளுக்கு ஒருமுறை அதைத் தரையில் தட்டவோ, தன் பாதத்திலிருந்து தன் கைக்கே உதைத்துக்கொள்ளவோ வேண்டும். கோல்கம்பம் ஆங்கில 'எச்' எழுத்தின் வடிவில் இருக்கும். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. மேலே போனால் ஒரு புள்ளி. கணக்கு எழுதும்போது கோலையும் புள்ளியையும் தனித்தனியாகக் காட்டுவார்கள்: 1-26 என்றால் ஒரு கோல், 26 புள்ளி, மொத்தம் 29. 2025 முதல், கோல் பகுதியைச் சுற்றி வரையப்பட்ட 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து மேலே அடித்தால் இரண்டு புள்ளி.

ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆசிரியர்கள், விவசாயிகள், மாணவர்கள், வங்கி ஊழியர்கள் வேலை முடிந்த மாலையில் பயிற்சிக்கு வருகிறார்கள். வீரர்களை விலைக்கு வாங்கும் சந்தையும் இல்லை. ஒருவர் தன் ஊர்க் கழகத்துக்கு ஆடுவார். திறமை இருந்தால் தன் கவுண்டிக்கு ஆடுவார். கெர்ரியின் வெற்றிகள் எல்லாம் அந்த ஒன்றரை லட்சம் பேருக்குள்ளிருந்தே வந்தவை.

தொடக்கம்

கேலிக் தடகளச் சங்கம் 1884 நவம்பர் 1 அன்று தர்லஸ் நகரின் ஹேய்ஸ் ஹோட்டலில் தொடங்கப்பட்டது. முதல் அனைத்து அயர்லாந்துப் போட்டிகள் 1887இல் நடந்தன. அந்தக் காலத்தில் கவுண்டியின் சிறந்த கழகமே கவுண்டியின் பெயரால் ஆடும். 1891க்கான ஹர்லிங் பட்டத்தை பாலிடஃப் கழகம் கெர்ரிக்கு வென்று தந்தது. மட்டையால் ஆடும் அந்த ஆட்டத்தில் கெர்ரியின் ஒரே அனைத்து அயர்லாந்துப் பட்டம் இன்றுவரை அதுதான். அடுத்த ஆண்டுக்கான கால்பந்து இறுதியில் கில்லார்க்லின் ஊரின் லான் ரேஞ்சர்ஸ் கழகம் டப்ளினிடம் தோற்றது.

கெர்ரிக் கால்பந்தின் உண்மையான பிறப்பு 1903க்கான இறுதிப் போட்டி. தாமதங்களால் அது 1905இல்தான் நடந்தது. எதிரணி கில்டேர். முதல் ஆட்டத்தில் கெர்ரியின் கோல் ஒன்று சர்ச்சையாகி, ஆட்டத்தை மறுபடி ஆடும்படி ஆனது. இரண்டாவது ஆட்டம் சமன். மூன்றாவதில் கெர்ரி 0-8 க்கு 0-2 என வென்றது. பின்னர் லண்டன் அணியையும் வீழ்த்தி முதல் பட்டத்தைக் கைப்பற்றியது. அதுவரை முரட்டுத் தள்ளுமுள்ளாக இருந்த ஆட்டத்தில் கில்டேர் கையால் குறுகிய பாஸ்களைக் கொண்டுவந்தது. கெர்ரி உயரத்தில் பந்தைப் பிடித்து நீளமாக உதைத்தது. இரண்டு பாணிகளும் மூன்று முறை மோதியதைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம் திரண்டது. கேலிக் கால்பந்து பார்க்கத் தகுந்த ஆட்டம் என்ற பெயரை நாடு முழுவதும் பெற்றது இந்த மூன்று ஆட்டங்களால்தான் என்று சொல்வது மிகையாகாது.

அந்த அணியின் நட்சத்திரம் கில்லார்னிக்காரரான டிக் ஃபிட்ஸ்ஜெரால்டு. 1903, 1904, 1909, 1913, 1914 என ஐந்து பட்டங்கள் வென்றவர். கடைசி இரண்டையும் தலைவராகவே வென்றார். 1914இல் கேலிக் கால்பந்து ஆடும் முறையை விளக்கும் முதல் கையேட்டை எழுதி வெளியிட்டார். 1913இல் பேராயர் குரோக் நினைவுக்காக நடந்த போட்டித்தொடரின் இறுதியில் கெர்ரியும் லௌத்தும் இரண்டு முறை மோதின. அதில் வசூலான பணத்தின் உதவியோடுதான் சங்கம் டப்ளினின் ஜோன்ஸ் ரோடு மைதானத்தை வாங்கியது. அதுவே இன்று 82,000 பேருக்கு மேல் கொள்ளும் குரோக் பார்க்.

இடையில் 1910இல் ஒரு வினோதம். ரயில்வே நிறுவனம் தங்கள் பயணத்துக்கு நியாயமான வசதி தரவில்லை என்று கெர்ரி இறுதிப் போட்டிக்கே போக மறுத்தது. பட்டம் ஆடாமலே லௌத்துக்குப் போனது. கொள்கைக்காகப் பட்டத்தை விட்டுக்கொடுக்கும் பழக்கம் கெர்ரியில் பின்னாலும் இரண்டு முறை தலைகாட்டியது.

ஒரே சட்டையில் இரண்டு தரப்பு

1904 பட்டத்தை வென்ற தலைவர் ஆஸ்டின் ஸ்டாக், பின்னாளில் ஐரிஷ் விடுதலைப் போராட்டத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவரானார். 1916 ஏப்ரலில் ஜெர்மனியிலிருந்து வந்த கிளர்ச்சித் தலைவர் ரோஜர் கேஸ்மென்ட் கெர்ரியின் பான்னா கடற்கரையில் இறங்கிப் பிடிபட்டபோது, ட்ரலீயில் ஸ்டாக்கும் கைதானார். டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான எழுச்சி அடக்கப்பட்ட பின் வேல்ஸில் உள்ள ஃப்ரோங்கோக் முகாமில் அடைக்கப்பட்டவர்களில் டிக் ஃபிட்ஸ்ஜெரால்டும் இருந்தார். முள்வேலிக்குள்ளேயே கைதிகள் கவுண்டி வாரியாக அணி பிரித்துக் கால்பந்து ஆடினார்கள். அங்கும் கெர்ரிக்குத் தலைவர் அவர்தான்.

1921 டிசம்பரில் பிரிட்டனோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதை ஏற்றவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் இடையே 1922இல் உள்நாட்டுப் போர் மூண்டது. அது மிகக் கொடூரமாக நடந்த இடங்களில் ஒன்று கெர்ரி. 1923 மார்ச்சில் ட்ரலீ அருகே பாலிசீடியில், ஒப்பந்த எதிர்ப்புக் கைதிகள் ஒன்பது பேரை, ஒப்பந்தத்தின்படி அமைந்த சுதந்திர அரசின் படையினர் கண்ணிவெடியோடு சேர்த்துக் கட்டி வெடிக்கச் செய்தார்கள். எட்டுப் பேர் இறந்தனர். வெடிவேகத்தில் தூக்கியெறியப்பட்ட ஸ்டீபன் ஃபுல்லர் மட்டும் பிழைத்தார். அடுத்த வீட்டுக்காரனை ஆயுள் முழுக்க மன்னிக்க முடியாத நிலைக்கு ஊர்கள் வந்திருந்தன.

போர் 1923 மே மாதம் ஓய்ந்தது. 1923க்கான இறுதிப் போட்டியை 1924 ஜூனில் டப்ளினோடு ஆடவேண்டியிருந்தபோது, கைதிகள் இன்னும் விடுதலையாகவில்லை என்று கெர்ரி ஆட மறுத்தது. சிறையிலிருந்தவர்களில் ஸ்டாக்கும் ஒருவர். அந்த இறுதி செப்டம்பரில் நடந்தது. டப்ளின் வென்றது. 1925 ஏப்ரல் 26 அன்று, 1924க்கான இறுதியில், அதே டப்ளினை கெர்ரி 0-4 க்கு 0-3 என வீழ்த்தியது. வெற்றிப் புள்ளியை அடித்தவர் கான் பிராஸ்னன்.

அந்த அணியில் யார் யார் இருந்தார்கள் என்பதுதான் ஆட்டத்தின் முடிவைவிடப் பெரிது. பிராஸ்னன் சுதந்திர அரசின் படையில் கேப்டன். ட்ரலீயின் ஜான் ஜோ ஷீஹி எதிர்த்தரப்பில் ஐரிஷ் குடியரசுப் படையின் தளபதி. போர் முடிந்தும் தேடப்பட்டுக்கொண்டிருந்த ஷீஹி, ஆட்ட நாளில் பார்வையாளர் கூட்டத்திலிருந்து களத்தில் இறங்கி ஆடிவிட்டு, முடிந்ததும் மீண்டும் கூட்டத்துக்குள் மறைந்துபோவார் என்றும், அவரைப் பிடிக்காமல் விடும்படி பார்த்துக்கொண்டவர் பிராஸ்னன்தான் என்றும் கெர்ரியில் இன்றும் சொல்கிறார்கள். சிறையிலிருந்து வந்தவர்களும் சிறையைக் காத்தவர்களும் ஒரே உடைமாற்றும் அறையில் சட்டை மாற்றினார்கள்.

1931இல் நடந்தது இன்னும் உயர்ந்தது. கவுண்டிக்குள் சாம்பியனான கழகமே அடுத்த ஆண்டு கெர்ரி அணியின் தலைவரை நியமிப்பது அங்கே மரபு. அந்த உரிமையின்படி 1931இல் தலைவராக வேண்டியவர் ட்ரலீயின் ஜோ பாரெட். ஒப்பந்தத்தை எதிர்த்துச் சிறை சென்றவர். 1929இல் ஏற்கெனவே தலைவராகப் பட்டம் வென்றவர். அவர் தன் உரிமையை பிராஸ்னனுக்கு, அதாவது தன்னைச் சிறையிலிட்ட படையின் அதிகாரிக்கு, விட்டுக்கொடுத்தார். சொந்த ஊரில் பாரெட் கடும் எதிர்ப்பைச் சந்திக்க நேர்ந்தது. அந்த ஆண்டு பிராஸ்னன் கோப்பையைத் தூக்கினார். அடுத்த ஆண்டு பாரெட் மறுபடி தலைவராகித் தூக்கினார். கெர்ரியின் 39 பட்டங்களில் எதுவும் இந்த ஒரு செயலுக்கு ஈடாகாது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அரசியல்வாதிகள் பல ஆண்டுகள் முயன்றும் சேர்க்க முடியாதவர்களை ஓர் அணி சேர்த்தது. அதற்காக அவர்கள் யாரும் தங்கள் கொள்கையைக் கைவிடவில்லை. ஷீஹி கடைசிவரை குடியரசுவாதியாகவே இருந்தார்.

1929 முதல் 1932 வரை தொடர்ந்து நான்கு பட்டங்கள் இந்தத் தலைமுறையின் அறுவடை. இறுதிகளில் வீழ்ந்தவை கில்டேர், மொனகன், மறுபடி கில்டேர், மேயோ. சாம்பியன் அணிக்கான சாம் மகுவையர் கோப்பை 1928இல்தான் முதன்முறை வழங்கப்பட்டது. மறு ஆண்டே கெர்ரிக்கு வந்துவிட்டது. 1935இல் குடியரசுவாதக் கைதிகள் நடத்தப்படும் விதத்தைக் கண்டித்து கெர்ரி போட்டித்தொடரிலிருந்தே விலகி நின்றது.

பிடித்து உதைக்கும் காலம்

கெர்ரியின் பாணிக்கு ஒரு கோட்பாட்டாளர் இருந்தார். கில்லார்னி மனநல மருத்துவமனையின் மருத்துவர் ஈமன் ஓ'சலிவன், 1924 முதல் 1962 வரை எட்டுப் பட்டம் வென்ற அணிகளுக்குப் பயிற்சியளித்தார். ஒவ்வொருவரும் தன் இடத்தைக் காக்க வேண்டும், பந்தை உயரத்தில் பிடிக்க வேண்டும், தாமதமின்றி உதைக்க வேண்டும் என்பது அவர் பாடம். 1958இல் அதை நூலாகவும் எழுதினார். 1936இல் திறக்கப்பட்ட ஃபிட்ஸ்ஜெரால்டு ஸ்டேடியத்தின் நிலத்தைச் சமன்படுத்தி உருவாக்கியதில் அந்த மருத்துவமனை நோயாளிகளின் உழைப்பும் இருக்கிறது. உடலுழைப்பை மருத்துவச் சிகிச்சையின் பகுதியாக ஓ'சலிவன் கருதினார்.

1939, 1940, 1941 என மூன்று தொடர் பட்டங்களும் 1946இல் இன்னொன்றும் வந்தன. ஆனால் 1940களில் கெர்ரி ஆடிய ஆட்டங்களில் அதிகம் பேசப்படுவது தோற்ற ஆட்டம். பெரும் பஞ்சத்தின் மிகக் கொடிய ஆண்டான 1847இன் நூற்றாண்டை ஒட்டி, 1947 இறுதிப் போட்டி நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் பேஸ்பால் மைதானத்தில் நடத்தப்பட்டது. அனைத்து அயர்லாந்து இறுதி நாட்டுக்கு வெளியே நடந்தது அந்த ஒரு முறைதான். செப்டம்பர் 14 அன்று வெயிலில், கடினத் தரையில், 34,000க்கும் அதிகமானோர் முன்னிலையில் காவன் அணி 2-11 க்கு 2-7 என வென்றது. அயர்லாந்தில் மக்கள் வானொலியைச் சுற்றி உட்கார்ந்து மைக்கேல் ஓ'ஹேஹிரின் வர்ணனையைக் கேட்டார்கள். ஒதுக்கப்பட்ட நேரம் முடியப் போகிறது, இன்னும் ஐந்து நிமிடம் இணைப்பைத் துண்டிக்காதீர்கள் என்று அவர் ஒலிபரப்பிலேயே மன்றாடினார். இணைப்பு துண்டிக்கப்படவில்லை. பஞ்சத்தில் நாட்டை விட்டுப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நேரில் பார்க்கவும், நாட்டிலேயே தங்கிவிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்கவும் முடிந்த அந்த ஆட்டத்தில், தோற்ற அணியாக இருந்ததும் கெர்ரிக்கு ஒரு பெருமையே.

1955 இறுதியில், ஓடியாடி இடம் மாறி ஆடும் புதிய பாணியோடு வந்த டப்ளினை கெர்ரி 0-12 க்கு 1-6 என வென்றது. கிராமம் நகரத்தை வென்றது என்று நாடு பேசியது. அந்த டப்ளின் அணியின் முன்கள வீரர் கெவின் ஹெஃபர்னன் அந்தத் தோல்வியை மறக்கவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து மேலாளராகத் திரும்பி வந்து கெர்ரிக்குப் பெரும் தலைவலியானார்.

1959இல் தலைவராக இருந்தவர் வலென்ஷியா தீவின் மிக் ஓ'கானல். பந்தைப் பிடிக்க அவர் எழும்பும் அழகைப் பார்த்தவர்கள் வாழ்நாள் முழுதும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெற்றி பெற்ற அன்று இரவே விருந்து எதற்கும் நிற்காமல் ஊருக்குக் கிளம்பிவிட்டார். கடைசிக் கட்டத்தில் தானே படகு வலித்துத் தீவுக்குப் போனார். பயிற்சி நாட்களிலும் அவருக்கு அதே படகுதான்.

1960 இறுதியில் கெர்ரி 0-8 க்கு 2-10 என டவுன் அணியிடம் தோற்றது. எல்லையைத் தாண்டி வட அயர்லாந்துக்கு முதல்முறையாகக் கோப்பை போனது. 1968 இறுதியிலும் அதே டவுன் கெர்ரியை வென்றது. வடக்கத்தி அணிகளோடு கெர்ரிக்கு ஏற்பட்ட இந்தச் சிக்கல் பின்னாலும் தொடரும். இடையில் 1962இல் ராஸ்காமனை வென்ற இறுதியில் கேரி மக்மேன் ஒரு நிமிடம் ஆவதற்கு முன்பே கோல் அடித்தார். தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பான முதல் கால்பந்து இறுதி அதுதான்.

ஓ'டுவையரின் அணி

1975இல் மேலாளர் பொறுப்பேற்ற மிக் ஓ'டுவையர், வாட்டர்வில் ஊர்க்காரர். ஆட்டக்காரராக நான்கு பட்டங்கள் வென்றவர். அதற்கு முந்தைய ஆண்டு ஹெஃபர்னனின் டப்ளின் பட்டம் வென்றிருந்தது. அவர்களை வெல்லவேண்டுமானால் அவர்களைவிட அதிகம் ஓட வேண்டும் என்று ஓ'டுவையர் முடிவு செய்தார். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்களைத் திரட்டி, கெர்ரி அதுவரை கண்டிராத கடும் பயிற்சி கொடுத்தார். அந்த ஆண்டு இறுதியில் கெர்ரி டப்ளினை 2-12 க்கு 0-11 என வென்றது. தலைவர் மிக்கி நெட் ஓ'சலிவன் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்ததால், பாட் ஸ்பிலேன் கோப்பையை வாங்கினார்.

1976 இறுதியிலும் 1977 அரையிறுதியிலும் டப்ளின் பழிதீர்த்தது. 1978 இறுதியில் கெர்ரி 5-11 க்கு 0-9 என டப்ளினை நொறுக்கியது. அந்த ஆட்டத்தின் ஒரு காட்சி இன்றுவரை திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது. டப்ளின் கோல்கீப்பர் பேடி கல்லன் நடுவரிடம் வாதிட்டுக்கொண்டிருக்கும்போது, மைக்கி ஷீஹி ஃப்ரீ கிக்கைச் சட்டென்று தூக்கி அடித்தார். பின்னோக்கி ஓடிய கல்லனின் தலைக்கு மேலாகப் பந்து வலைக்குள் விழுந்தது. அதே ஆட்டத்தில் நெடிய முன்கள வீரர் ஓவன் லிஸ்டன் மூன்று கோல் அடித்தார். 1979, 1980, 1981 பட்டங்களும் தொடர்ந்தன.

1982இல் ஐந்தாவது தொடர் பட்டம் வென்றால் யாரும் செய்யாத சாதனை. சட்டைகள் அச்சாகிவிட்டன; பாட்டும் தயாராகிவிட்டது. மழை பெய்த இறுதியில் ஷீஹியின் பெனால்டியை ஆஃபலி கோல்கீப்பர் மார்ட்டின் ஃபர்லாங் தடுத்தார். அப்படியும் ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் கெர்ரி இரண்டு புள்ளி முன்னிலையில் இருந்தது. மாற்று ஆட்டக்காரராக வந்த ஷேமஸ் டார்பி உயர்ந்து வந்த பந்தைப் பிடித்துத் திரும்பி அடித்த கோல் வலையின் மேல்மூலையில் புகுந்தது. ஆஃபலி 1-15, கெர்ரி 0-17. தன்னைக் காவல் காத்த டாமி டாய்லை டார்பி முதுகில் தள்ளினாரா என்ற கேள்வியை கெர்ரிக்காரர்கள் இன்னும் விடவில்லை. 1983இல், கெர்ரியின் மாகாணமான மன்ஸ்டரின் இறுதியிலும் கார்க் அணியின் டைக் மர்ஃபி கடைசி நிமிடத்தில் அடித்த கோலால் தோல்வி.

இந்த அணி முடிந்தது என்று பலரும் எழுதினார்கள். சங்கத்தின் நூற்றாண்டான 1984இல் டப்ளினை வென்று திரும்பியது. 1985இல் மறுபடி டப்ளின், 1986இல் டைரோன். பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து இறுதிகள், எட்டுப் பட்டங்கள். பாட் ஸ்பிலேன், மைக்கி ஷீஹி, பாய்டி ஓ ஷே, ஜெர் பவர், ஓகி மோரன் ஆகிய ஐவரிடம் எட்டு எட்டுப் பதக்கங்கள். நடுக்களத்தில் ஆதிக்கம் செலுத்திய ஜாக் ஓ'ஷேயிடம் ஏழு. 1982இல் தோற்ற பின் எழுந்து வென்ற மூன்று பட்டங்களே இந்த அணியின் உண்மையான அளவைக் காட்டுகின்றன. முதல் ஐந்தையும் இளமையின் வேகம் என்று சொல்லிவிடலாம், பின் மூன்றையும் அப்படிச் சொல்ல முடியாது. ஓ'டுவையர் 1989 வரை பொறுப்பில் இருந்தார். பின்னர் கில்டேர், லீஷ், விக்லோ அணிகளையும் தூக்கி நிறுத்தி, 2025 ஏப்ரலில் 88 வயதில் காலமானார்.

வறட்சியும் வடக்கும்

1986க்குப் பிறகு பதினொரு ஆண்டுகள் கெர்ரிக்குப் பட்டம் இல்லை. 1997இல் பாய்டி ஓ ஷே மேலாளராக அதை முடித்துவைத்தார். மேயோவுக்கு எதிரான இறுதியில் கெர்ரி எடுத்த பதின்மூன்று புள்ளிகளில் ஒன்பதை மாரிஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு அடித்தார். 2000இல் கால்வேயை மறு ஆட்டத்தில் வென்றது.

அதற்குள் ஆட்டம் வடக்கில் மாறிவிட்டிருந்தது. 2002 இறுதியில் அர்மா வென்றது. 2003 அரையிறுதியில் பந்து வைத்திருப்பவரை மூன்று நான்கு பேர் சூழ்ந்து நெருக்கும் டைரோனின் தற்காப்பில் சிக்கி கெர்ரி ஆறு புள்ளிகள் மட்டுமே எடுத்தது. அடுத்து மேலாளராக வந்த ஜாக் ஓ'கானர் 2004இலும் 2006இலும் மேயோவை வென்று பட்டம் தந்தார். 2004இல் கோப்பை வாங்கிய தலைவர் டாரா ஓ கின்னேட் தன் உரையை முழுக்க ஐரிஷ் மொழியிலேயே ஆற்றினார். அவர் வந்த டிங்கிள் தீபகற்பத்தின் மேற்குப் பகுதியில் அந்த மொழி இன்னும் வீட்டுமொழி. அதே மண்ணிலிருந்து வந்தவர்கள்தான் டாரா, டோமாஸ், மார்க் என்ற ஓ ஷே சகோதரர் மூவரும். அவர்களுக்கு பாய்டி சித்தப்பா.

2007 இறுதியில் கார்க்கும் கெர்ரியும் மோதின. இரு மன்ஸ்டர் அணிகள் இறுதியில் சந்தித்தது அதுவே முதல்முறை. கெர்ரி 3-13 க்கு 1-9 என வென்றது. 2009இலும் கார்க்கையே வென்றது. 2004 முதல் 2009 வரை ஆறு இறுதிகளிலும் கெர்ரி இருந்தது. நான்கில் வென்று, 2005, 2008 இரண்டிலும் டைரோனிடம் தோற்றது. இந்தக் காலத்தின் கலைஞன் கில்லார்னியின் கோல்ம் கூப்பர். மெலிந்த உடம்பு, ஆனால் பந்து எங்கே வரும் என்று மற்றவர்களுக்கு ஒரு நொடி முன்பே தெரிந்த கண்.

2014இல் டானிகாலை வென்றபின் டப்ளினின் காலம் வந்தது. 2011 இறுதியில் டப்ளின் கோல்கீப்பர் ஸ்டீபன் கிளக்ஸ்டன் கெர்ரிக்கு எதிராகக் கடைசி நேரத்தில் அடித்த ஃப்ரீ கிக் அதற்கு முன்னறிவிப்பு. 2015 இறுதியிலும் 2019 இறுதியின் மறு ஆட்டத்திலும் டப்ளின் கெர்ரியை வென்றது. 2019 வெற்றி டப்ளினின் ஐந்தாவது தொடர் பட்டம். 1982இல் நழுவியதை இன்னொருவர் தன் கண்முன்னே எடுத்துக்கொண்டு போவதைக் கெர்ரி பார்க்க நேர்ந்தது.

2022 அரையிறுதியில், சமநிலையில் இருந்த ஆட்டத்தின் கடைசி உதையாக, காற்றை எதிர்த்து ஐம்பது மீட்டருக்கும் அப்பாலிருந்து ஷான் ஓ'ஷே அடித்த ஃப்ரீ கிக் டப்ளினைத் தோற்கடித்தது. இறுதியில் கால்வேயை 0-20 க்கு 0-16 என வென்றது கெர்ரி. 2023 இறுதியில் டப்ளினிடம், 2024 அரையிறுதியில் அர்மாவிடம் தோல்வி. 2025இல் குழுச்சுற்றில் மீத்திடம் தோற்றபோது அணியின் மீது நம்பிக்கை வைத்தவர்கள் குறைவு. அங்கிருந்து காவன், அர்மா, டைரோன், டானிகால் என அல்ஸ்டர் மாகாணத்தின் நான்கு அணிகளை வரிசையாக வென்று, இறுதியில் 1-26 க்கு 0-19 என்ற கணக்கில் பட்டம் எடுத்தது. 1960இல் டவுனிடம் தொடங்கிய வடக்கின் கணக்கை ஒரே கோடையில் தீர்த்தது போல இருந்தது அது. ஓ'கானருக்கு மேலாளராக இது ஐந்தாவது பட்டம்.

அந்த அணியின் மையம் ஃபாசா கிராமத்தின் டேவிட் கிளிஃபோர்டு. 2017 சிறுவர் இறுதியில் டெர்ரிக்கு எதிராகத் தனியொருவராக 4-4 அடித்தபோதே நாடு அவரைக் கவனித்துவிட்டது. 2022, 2023, 2025 ஆண்டுகளின் சிறந்த வீரர் விருதுகள் அவருக்கு. அண்ணன் பாடியும் உடன் ஆடுகிறார். கெர்ரி வரலாற்றிலேயே மிகச் சிறந்தவர் யார் என்ற வழக்கு ஓ'கானல், ஸ்பிலேன், ஷீஹி, கூப்பர் என்று போய் இப்போது அவரிடம் வந்து நிற்கிறது.

பட்டங்கள்

அனைத்து அயர்லாந்துப் பட்டம் வென்ற ஆண்டுகள்: 1903, 1904, 1909, 1913, 1914, 1924, 1926, 1929, 1930, 1931, 1932, 1937, 1939, 1940, 1941, 1946, 1953, 1955, 1959, 1962, 1969, 1970, 1975, 1978, 1979, 1980, 1981, 1984, 1985, 1986, 1997, 2000, 2004, 2006, 2007, 2009, 2014, 2022, 2025. 1900களிலிருந்து இன்றுவரை ஒரு பட்டமாவது வெல்லாத பத்தாண்டு கெர்ரிக்கு இல்லை. தேசிய லீக் பட்டங்கள் 24. அதில் 2021இல் டப்ளினோடு பகிர்ந்துகொண்டதும் அடக்கம். மன்ஸ்டர் மாகாணப் பட்டங்கள் எண்பதைத் தாண்டிவிட்டன. அங்கே ஈடுகொடுக்கும் ஒரே போட்டியாளர் கார்க். மாகாணம் எளிதாக இருப்பதால்தான் கெர்ரி கோடைக்காலத்தில் புத்துணர்ச்சியோடு குரோக் பார்க்குக்கு வருகிறது என்ற விமர்சனமும் உண்டு, அதில் உண்மையும் உண்டு. சிறுவர் பிரிவில் 2014 முதல் 2018 வரை தொடர்ந்து ஐந்து அனைத்து அயர்லாந்துப் பட்டங்கள் வந்தன. முதுநிலை அணிக்குக் கிட்டாத 'தொடர் ஐந்து' அவர்கள் வழியாகக் கெர்ரிக்கு வந்துசேர்ந்தது.

பெண்கள் அணி

பெண்களுக்கான கேலிக் கால்பந்துச் சங்கம் 1974இல், அதே ஹேய்ஸ் ஹோட்டலில் தொடங்கப்பட்டது. கெர்ரிப் பெண்கள் 1976இல் முதல் பட்டம் வென்றனர். 1982இல், ஆடவர் அணி ஐந்தாவது தொடர் பட்டத்தை இழந்த அதே ஆண்டில், பெண்கள் தங்கள் தொடரைத் தொடங்கினர். 1990 வரை ஒன்பது ஆண்டுகள் அவர்களை யாரும் அசைக்க முடியவில்லை. ஆடவர் ஆட்டத்திலும் பெண்கள் ஆட்டத்திலும் முதுநிலைக் கால்பந்தில் இந்த ஒன்பதை வேறெவரும் எட்டியதில்லை. ஆனாலும் 1980களின் கெர்ரி என்றாலே ஓ'டுவையரின் ஆண்களைப் பற்றித்தான் நூல்களும் படங்களும் பேசுகின்றன. அந்தப் பெண்களுக்குரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை. 1993இல் பதினொன்றாவது பட்டத்துக்குப் பின் நீண்ட இடைவெளி. 2022 இறுதியில் மீத்திடமும் 2023 இறுதியில் டப்ளினிடமும் தோற்ற அணி, 2024 ஆகஸ்டில் கால்வேயை வென்று 31 ஆண்டுகளுக்குப் பிறகு பெண்கள் சாம்பியனுக்கான பிரெண்டன் மார்ட்டின் கோப்பையைக் கெர்ரிக்குக் கொண்டுவந்தது.